மஞ்சள் குங்குமம் மாடல்

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம். பொய் சொல்கிறவரை என்றாவது ஒருநாள் பிடித்துவிடலாம். இவர் கேள்வி மட்டும்தான் கேட்பார். பதிலை நாம் சொல்வோம். சொன்ன பிறகு அது நம்முடைய பதிலாகிவிடும்.

எங்கள் ஊர் ஈஜோக்கில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், செம்பனை மரங்களுக்கு நடுவில் சிங்க் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதுதான் அவருடைய பட்டறை. அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. ஆண்களுக்கு அவர் பாஸ், பெண்களுக்கு அண்ணன். நான் அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஒரு கட்டம் வரைக்கும். ஒல்லியான ஆள். மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. தோளில் ஓர் ஈரத்துணி. வியர்வை துடைக்க வைத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அது வியாபாரத்துக்கு.

வீட்டில் படங்கள் வைத்துக் கும்பிடும் சாமி மேடைதான் அவருடைய முக்கியமான வேலை. வாங்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் அன்று காலையில் இழைத்த பலாப் பலகை ஒன்றை முன்னால் எடுத்து வைப்பார். ஈரத்துணியால் ஓர் இழுப்பு. அம்மியில் அரைத்து அப்போதுதான் வழித்தது போல மஞ்சள் எழும்பி வரும். பக்கத்தில் அங்சானா பலகை. ரோட்டோரம் நிழலுக்கு நிற்கும் அதே மரம்தான். அதன் மேலும் ஓர் இழுப்பு. நல்ல சிவப்பு.

"இது என்னா கலர் தங்கச்சி?"

"மஞ்சள்ண்ணே."

"இது?"

"குங்குமம் மாரி இருக்கு."

"நான் சொல்லல. நீங்கதான் சொல்றீங்க."

மஞ்சள் குங்குமம் மாடல் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. உடம்பு முழுக்கப் பலா, விளிம்பும் படிகளும் அங்சானா. வேலையில் குறை சொல்ல முடியாது. கதவைச் சாத்தினால் நகம் நுழையாது. இழுப்பறை சத்தமில்லாமல் போய்வரும். இவ்வளவு நல்ல கை இந்த மனிதருக்குப் போய் எதற்கு வாய்த்தது என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஏனென்றால் அவருக்குத் தெரியும். பலாவின் மஞ்சள் நிற்காது. வெளிச்சமும் காற்றும் பட்டால் முதலில் தேன் நிறம், பிறகு தேத்தண்ணி நிறம், பிறகு ஆழ்ந்த பழுப்பு. அங்சானாவின் சிவப்பும் அதே வழியில்தான் போகும். இரண்டு மூன்று வருடத்தில் உடம்பும் விளிம்பும் ஒரே நிறத்துக்கு வந்து சேர்ந்துவிடும். மஞ்சள் எது, குங்குமம் எது என்று தேட வேண்டியிருக்கும். மேலே வார்னிஷ் அடித்தாலும் தடுக்காது. மரத்தோடு புழங்குகிற யாருக்கும் இது தெரியும். சீனத் தவுக்கே முதலாளி ஒருவரின் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் நாற்காலி செய்துவிட்டு வந்தவருக்குத் தெரியாதா? மாதிரிக்கு வைத்திருந்த மேடையை அவர் கறுப்புத் துணியால் மூடியே வைத்திருந்தார். "தூசுக்கா அண்ணே?" என்று யாராவது கேட்டால் தலையாட்டிவிடுவார். கைப்பேசியில் நூறு மேடைகளின் படம் வைத்திருந்தார். எல்லாம் வார்னிஷ் காய்ந்த அன்று எடுத்தவை. இரண்டாம் வருடத்துப் படம் ஒன்றுகூட இல்லை.

கட்டில், அலமாரி செய்யச் சொன்னால் நழுவிவிடுவார். அதன் காரணம் எனக்குப் பிற்பாடு விளங்கியது. கட்டில் கறுத்தால் வாங்கியவன் சண்டைக்கு வருவான். சாமி மேடை கறுத்தால் வாங்கியவன் பயந்துகொண்டு வருவான்.

எங்களுக்கு மேடை சொல்லப் போன அன்றே அதைக் கண்ணால் பார்த்தேன். கோலசிலாங்கூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், மேடை இப்படி நிறம் மாறிவிட்டதே என்று. இவர் பதறவில்லை.

"வூடு கடல் பக்கமா?"

"ஆமாண்ணே. ஆத்தங்கரைக்குக் கிட்டதான்."

"ம்."

அவ்வளவுதான். அந்த அம்மாவே தன் கணவரிடம் திரும்பி, "அதான் சொன்னேன்ல, உப்புக்காத்து" என்றார். ரவாங்கிலிருந்து வந்த இன்னொரு அம்மாவிடம் வேறு கேள்வி.

"வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுவீங்களா?"

"போடாம இருப்பமா?"

"கொஞ்சமாவா, நெறையவா?"

"வூடே தெரியாதுண்ணே, அப்படிப் பொகையும்."

"அப்ப சரி."

ரவாங்கு அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன் பக்தியால் மரமே கறுத்துவிட்டது என்று நம்பிக்கொண்டு போனார். போவதற்கு முன் சுத்தியும் செய்துகொண்டார். சுத்தி என்பது இவருடைய வைத்தியம். மேடையை உட்கொட்டகைக்குத் தூக்கிப் போய்க் கதவைச் சாத்துவார். கற்பூர வாசம் வரும். பிறகு உப்புத்தாள் மெஷின் அலறும். மேல்தோல் போனால் அடியில் பழைய மஞ்சள் இருக்கும். எந்தப் பலாவுக்கும் அப்படித்தான். அந்த மெஷின் அலறும் நேரமெல்லாம் வெளியே நிற்கிறவர்கள் கைகூப்பிக்கொண்டு நிற்பார்கள்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பதினாறு வயது, நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். புரியவில்லை. நானும் கைகூப்பினேன்.

என் அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு நின்றவர். தாமான் குடியிருப்பில் இந்த மலிவு வீட்டுக்கு வரும்வரை எங்கள் சாமிப் படங்கள் சுவரில் அடித்த ஒரு பலகையில்தான் இருந்தன. கடையில் வாங்கியதாகவோ யாரோ புழங்கிவிட்டுக் கொடுத்ததாகவோ இல்லாமல், தனக்கென்று சொல்லிச் செய்து வாங்கிய முதல் பொருள் அந்த மேடை. வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மஞ்சளும் குங்குமமும் வீட்டுக்குள் வந்துவிட்டது, இனி உங்கப்பாவுக்கு ஒரு குறையும் வராது என்றார். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார்.

இரண்டு வருடத்தில் மேடை கறுத்தது. ஜன்னல் பக்கம் முதலில், பிறகு முழுவதும். அம்மா படங்களை அசைக்காமல் எலுமிச்சம்பழம் போட்டுத் துடைத்தார், தேங்காயெண்ணெய் தேய்த்தார். இன்னும் கறுத்தது. "மரம் கறுக்காம வெளுக்கவா செய்யும்?" என்று அப்பா சொன்னார். அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதமே ஈஜோக் முச்சந்தியில் அவருடைய லோரி டயர் வெடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மாவின் தூக்கம் போய்விட்டது. மஞ்சள் குங்குமம் கறுக்கிறது என்றால் ஒரு சுமங்கலிக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டறைக்கு என்னை அழைத்துப் போகவில்லை. தனியாகப் போய் வந்தார். வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே அந்த மூணு நாளு முன்வாசப் பக்கம் வராத. பின்னாடி சந்து வழியா வந்து அடுப்படியோட நின்னுக்க."

"ஏம்மா?"

"மேட கறுத்ததுக்கு நீதான் காரணம்."

முந்தின வருடம், ஐந்தாம் படிவச் சோதனையின்போது என் நுழைவுச் சீட்டை முருகன் படத்துக்கு அடியில் வைத்திருந்தேன். முதல் பரீட்சைக்குப் போகும் அவசரத்தில் எடுத்தேன். பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்கு நாள் என்று தெரிந்தது. சாயங்காலம் வந்து நானே அம்மாவிடம் சொன்னேன். மறைக்கத் தெரியாதவளாக வளர்த்திருந்தார்கள்.

அம்மா அப்படிச் சொன்ன நாளிலிருந்து மாதத்தில் மூன்று நாள் நான் பின் சந்து வழியாக வீட்டுக்குள் போனேன். எங்கள் வரிசையில் இருபது வீடு. சந்தில் துணி காயப்போடுகிறவர்கள், மீன் கழுவுகிறவர்கள், பைக்கைத் துடைக்கிறவர்கள் எல்லாருக்கும் என் தேதிகள் மனப்பாடம். எங்கள் குடும்பத்தில் ஆறாம் படிவத்துக்குப் போன முதல் ஆள் நான். புத்தகப் பையோடு சாக்கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக முடிந்தது.

பொங்கலுக்கு மேடையைத் துடைக்க அம்மா முதலில் முருகன் படத்தை இறக்கினார். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முருகன் படம் இருந்த இடத்தில், அதே அளவுக்கு, ஒரு சதுரம் பளீரென்று மஞ்சளாக இருந்தது. வாங்கிய அன்று இருந்த மஞ்சள்.

"அம்மா, பாருங்க! வெளிச்சம் படாத எடத்துல கறுக்கல. வெளிச்சந்தான் காரணம், நான் இல்ல."

அம்மா அந்தச் சதுரத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "முருகா," என்றார். "நீ நின்ன எடத்த மட்டும் தீட்டு தொடல பாரு."

என்னுடைய சாட்சி அற்புதமாகிவிட்டது. அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்து அந்தச் சதுரத்துக்குச் சூடம் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பள்ளிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். துண்டுப் பலகை ஒன்று வேண்டும் என்றேன்.

"எதுக்குமா?"

"வேதியியல் புரொஜெக்டுக்கு."

"என்னா புரொஜெக்ட்டு?"

"கலர் மாறுறதப் பத்தி."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நல்ல பலாத் துண்டாகத் தேடி எடுத்து, எனக்காக இழைத்துத் தந்தார். சுருள் சுருளாக மஞ்சள் விழுந்தது. ஈரத்துணியை மட்டும் எடுக்கவில்லை. அவருக்கு என்ன தோன்றியதோ, எனக்குத் தெரியாது. நான் பயந்து விட்டுவிடுவேன் என்று நினைத்திருக்கலாம். அல்லது எங்களைப் போன்றவர்கள் எதைக் கண்டுபிடித்தாலும் கடைசியில் அதையும் சாமி என்பார்கள் என்று தெரிந்து வைத்திருக்கலாம்.

முன்வாசலில் வெயில் விழும் இடத்தில் பலகையை வைத்தேன். அதன் மேல் என் ஜப்பான் சிலிப்பரில், அந்த ரப்பர் செருப்பில், ஒன்றை வைத்தேன். இடது கால். அம்மா கேட்டபோது புரொஜெக்ட் என்றேன். படிப்பு என்றால் அம்மா எதையும் தொட மாட்டார். மூன்று வாரம் அசையவில்லை அது.

நான்காவது வாரம் சனிக்கிழமை காலை. அன்று எனக்கு முதல் நாள். பின் சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்து, வெளியே நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கண் முன்னாலேயே சிலிப்பரை எடுத்தேன்.

பலகை முழுவதும் தேத்தண்ணி நிறம். நடுவில் பளீரென்று மஞ்சளாக என் பாதம். குதிகால் வளைவு, விரல் பக்கத்து அகலம், எல்லாம் துல்லியமாக.

"சாமி நின்ன எடத்த தீட்டு தொடலன்னீங்க. என் சிலிப்பர் நின்ன எடத்தயும் தொடலியே மா. இதுக்கும் சூடம் காட்டுவீங்களா?"

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா குனிந்து விரலால் அந்த மஞ்சளைச் சுற்றி ஒரு கோடு போட்டார். உள்ளே போனார். மேடையிலிருந்து எல்லாப் படங்களையும், குங்குமச் சிமிழையும், விளக்குத் தட்டையும் ஒவ்வொன்றாக எடுத்தார். சதுரம், வட்டம், பெரிய வட்டம், எல்லாம் மஞ்சள். கடைசியில் தீப்பெட்டியை எடுத்தார். தீப்பெட்டிக்கும் ஒரு மஞ்சள் இருந்தது. அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மோட்டார எடு" என்றார்.

பட்டறையில் சுத்திக்காக இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். அம்மா பலகையை அவருடைய மேசையில் வைத்தார்.

"அண்ணே, இது என்னா?"

"பலா."

"அது தெரியுது. நடுவுல என்னா இருக்கு?"

அவர் பார்த்தார். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. "சிலிப்பர் மாரி இருக்கு."

"நான் சொல்லலண்ணே. நீங்கதான் சொல்றீங்க."

காத்திருந்த பெண்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "எம்புள்ள தீட்டுல மேட கறுத்துச்சுன்னு சொல்லி அனுப்புனீங்க. ஒரு வருசமா அவள சந்து வழியா நடக்க வுட்டேன். இப்ப சொல்லுங்க, இந்த சிலிப்பருக்கு என்னா மகிம?"

"நான் எங்க தங்கச்சி சொன்னேன்?" குரல் ஏறவே இல்லை. "வூட்டுல பொம்பளப் புள்ள இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னீங்க. நாள் கெழம பாக்குதான்னு கேட்டேன். பரீட்ச அன்னிக்கி நடந்தத நீங்கதான் சொன்னீங்க. ஒங்க வூட்டு விசயம் எனக்கு எப்படிலா தெரியும்?"

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் சொன்னது அவ்வளவும் உண்மை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "கெட்டிக்காரப் புள்ள" என்றார். கட்டைவிரலால் மஞ்சளும் பழுப்பும் சந்திக்கும் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவரைப் பற்றி நான் நினைத்த கடைசி நல்ல விஷயம் அதுதான். அவர் அப்போது யோசித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் முச்சந்தி விளக்கில் நிற்கும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்: "நான்தான் சொன்னேன். அவரு கேக்கத்தான் செஞ்சாரு." என் முதுகில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போல நான் பின் சந்துப் பக்கம் மோட்டாரைத் திருப்பினேன்.

"எங்க போற? முன்னாடி வா."

"அம்மா, இன்னிக்கி எனக்கு முத நாளு."

அம்மா வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன," என்றார் அம்மா, அக்காவுக்கும் கேட்கிற மாதிரி. "கை கால் கழுவிட்டு வந்து வெளக்க ஏத்து."

தீப்பெட்டியை எடுத்துத் தந்தார். விளக்கு எரிய மூன்று குச்சி ஆனது.

அந்தத் தீபாவளிக்கு அவருடைய பட்டறையில் புதிய மாடல் வந்தது. மேடையின் முதுகுப் பலகையில் பழுப்புக்கு நடுவே மஞ்சளாக ஓர் ஓம். வரைந்ததும் இல்லை, செதுக்கியதும் இல்லை. அட்டையில் வெட்டிய எழுத்தை வைத்து வெயிலில் போட்டால் வந்துவிடும். என் சிலிப்பர் வந்தது போலத்தான். "தடவிப் பாருங்க தங்கச்சி, பெயிண்டு இருக்கா?" என்று கேட்பாராம். இல்லையே அண்ணே என்பார்களாம். "யாரு எழுதுனா அப்ப?" என்பாராம். எதிர்வீட்டு அக்கா ஒன்று வாங்கினார். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "ஓமுக்கும் செருப்புக்கும் வித்தியாசம் தெரியல, என்னா படிப்பு படிக்கிற நீ?" என்றார்.

ஒரே வருடத்தில் அந்த ஓமும் பழுப்பாகி மறைந்தது. மறைக்க எதுவும் இல்லாவிட்டால் அந்த மஞ்சளும் கறுக்கத்தானே செய்யும். அக்கா பதறிப்போய்ப் பட்டறைக்கு ஓடினார். அங்கே என்ன நடந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அக்காவே வந்து சொன்னார். "முன்ன மாரி தெனமும் கும்புடுறீங்களான்னு கேட்டாருமா. எனக்கு நெஞ்சே அடச்சிருச்சு. ரெண்டு மாசமா ஓட்டி ஓட்டின்னு எங்க கும்புட்டேன்?" ஓவர்டைம் பார்த்ததற்காக அழுதார் அந்த அக்கா.

இப்போது நான் ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் புஞ்சாக் ஆலாமில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார் அவர். கொஞ்சம் வயதாகியிருந்தது. கண்ணாடி அதே நெற்றியில். நான் அங்கிள் என்று சொல்லவில்லை. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்த மேட இன்னும் இருக்காமா?"

"இருக்கு."

"சுத்திக்குக் கொண்டாரவே இல்லியே. கறுத்திருக்குமே?"

"நல்லா கறுத்திருக்கு. அம்மாவுக்கு அதுதான் புடிச்சிருக்காம்."

அப்பளத்தை உடைத்துக்கொண்டே அவர் அடுத்த கேள்வியைத் தேடினார். அது வரும் என்று எனக்குத் தெரியும். "அப்பா லோரி ஓட்டுறாரா இன்னும்?"

"ஓட்டுறாரு. நல்லா இருக்காரு."

"வெளக்கு யாரு ஏத்துறா? அம்மாவா?"

"நான்."

"எல்லா நாளுமா?"

கல்யாண வீடு. எதிர்வரிசையில் நான்கு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பின் சந்தில் இருபது வீட்டுக்கு நடுவே நடந்தவளுக்கு நான்கு பேர் ஒரு கணக்கா?

"எல்லா நாளும்," என்றேன்.

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். பாயசம் வந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவர் இலையை மூடினார்.